ரசமட்டம்

இவருக்குப் பிடரியில் ஒரு மச்சம் இருக்கிறது. முடி முடிகிற இடத்தில், வலப்பக்கமாக, மிளகு அளவில். இவருடைய அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எங்கோ ஒரு சலூனில் முடி வெட்டுகிற யாரோ ஒருவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் இன்றைக்குத்தான் தெரிகிறது.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மடியில் கிடந்த பேன்ட்டின் அடிமடிப்பில் ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே அந்த மச்சத்தைப் பார்த்தாள். கணவன் அவளுக்கு எதிரே, தையல் மேசையின் மேல் முகத்தைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் வேலை. சாப்பிடும்போதும் கவிழ்ந்திருக்க வேண்டும், பேசும்போதும் கவிழ்ந்திருக்க வேண்டும், தூங்கினாலும் குப்புறத்தான்.

பெரிய கட்டடங்களில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன் அவன். வேலை வெளிநாட்டில். கல்யாணமான மறு வருஷமே போனவன். விடுப்பில் வருவதும் திரும்பிப் போவதுமாகவே காலம் ஓடிவிட்டது. மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இத்தனை காலமும் போனில் அவளுக்குக் கிடைத்தது அவன் முகம் மட்டும்தான். தோள் இல்லை, முதுகு இல்லை, கைகூடப் பெரும்பாலும் போனைப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். இப்போது தோளும் முதுகும் கையும் வீட்டில் வந்து இருந்தன. முகம்தான் இல்லை.

சொட்டு மருந்து விடுகிற நேரத்தில் மட்டும் அது நிமிரும். சிவந்து வீங்கிய வலது கண்ணும், அதற்குத் துணையாகக் கலங்கிய இடது கண்ணுமாக அவன் அண்ணாந்து பார்ப்பான். அவள் கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு விழுந்ததும், "ஆச்சு, குனிஞ்சுக்கோங்க" என்பாள். இந்த ஒரு வேலையில் மட்டும் அவள் கை மெதுவாகிவிடுவதை அவளே கவனித்திருந்தாள். மூடியைத் திருகித் திறப்பாள், பஞ்சைத் தேடுவாள், குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவ்வளவு நேரமும் அந்த முகம் அவள் கைக்குள் இருக்கும்.

அவன் திடீரென்று கிளம்பி வந்து இறங்கிய மறுநாள், கண் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் டாக்டரம்மா அவன் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, "விழித்திரை பிரிஞ்சிருக்கு" என்றார். பக்கத்தில் நின்றிருந்த அவளுக்கு இரண்டாவது சொல்தான் காதில் விழுந்தது. பிரிஞ்சிருக்கு. அது கண்ணைப் பற்றிய பேச்சு என்று உறைப்பதற்கு ஒரு கணம் ஆயிற்று.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கொஞ்ச நாளாவே" என்றான் அவன்.

ரொம்ப நாளாகவே, என்று அவள் மனதுக்குள் திருத்திக்கொண்டாள்.

அவள் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். வாங்கிய பேன்ட் நீளமாக இருந்தால் ஆளை ஸ்டூலில் ஏற்றிவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, மண்டியிட்டு உயரம் குறிப்பது அவள்தான். ஆட்களைக் கீழேயிருந்து பார்த்தே பழகியவள். கடைக்காரரிடம் கேட்டு, வேலையை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வெட்டுத்துணிகளைத் திணித்து, சும்மாட்டைப் போல, ஆனால் முன்பக்கம் திறந்த வளையமாக அவனுக்கு ஒரு தலையணை தைத்தாள். நெற்றியும் கன்னங்களும் அதில் பதிந்துகொள்ளும். மூக்குக்கும் மூச்சுக்கும் வழி இருக்கும். முதலில் தைத்தது இறுக்கமாகிவிட்டது. பிரித்து மறுபடி தைத்தாள். அவன் முகத்தின் அளவு அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அவனுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வந்தாள் என்றால் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"என்னடா இது, பரீட்சையில கோட்டை விட்ட பையனாட்டம்! கல்யாணத்தன்னிக்கு இவ தலை குனிஞ்சு நின்னா, நீ விறைச்சுக்கிட்டு நின்னே. இப்ப மொத்தத்துக்கும் சேத்துக் குனியறியா?"

"அக்கா, சிரிக்க வெக்காதே. தலை ஆடக்கூடாது."

"சரி, சிரிக்காமலே சொல்லு. திரை பிரிஞ்சுபோச்சு, திரை பிரிஞ்சுபோச்சுங்கறா உன் பொண்டாட்டி. எனக்குத் தெரிஞ்ச திரை ஜன்னல்ல தொங்குறதுதான்."

"பாத்ரூம் சுவத்துல டைல்ஸ் இருக்குல்ல? ஓரத்துல கீறல் விழுந்து பின்னாடி தண்ணி போச்சுன்னா என்ன ஆகும்?"

"பேந்துக்கிட்டு வரும்."

"அதேதான். கண்ணுக்குள்ள பின்சுவத்துல ஒரு படலம். அது கிழிஞ்சு, பின்னாடி தண்ணி போயிடுச்சு. இப்பத் தண்ணிய எடுத்துட்டு மறுபடி சுவத்தோட ஒட்டியிருக்காங்க. செட் ஆகுற வரைக்கும் முட்டுக் கொடுக்கணும்ல? அதுக்குத்தான் உள்ள காத்து அடைச்சிருக்காங்க. காத்து எப்பவும் மேலதானே போகும்? நான் கவுந்திருந்தா அது போய்ப் பின்சுவத்தைத் தாங்கிக்கும்."

"அடப்பாவி, கண்ணுக்குள்ள காத்தா? உனக்கு அது தெரியுதா?"

"தெரியாம என்ன. உருண்டையா, ஓரத்துல கறுப்புக் கோடு போட்ட மாதிரி. ரசமட்டக் குமிழி இருக்கும்பாரு, அச்சு அசல் அதுதான்."

ரசமட்டம் அவன் கையைவிட்டு இறங்காத கருவி. நீளமான அலுமினியப் பட்டை, நடுவில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் திரவத்தில் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம். ஓரத்துக்கு ஓடினால் பதித்த டைல்ஸ் ஓட்டைப் பெயர்த்து மறுபடி வை. கூட வேலை செய்கிறவர்கள் அவனையே ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்கா சமையலறைக்குள் வந்து, தானே ஒரு டம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டினாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு யோகம்தான். எவ்வளவு கெஞ்சியும் ஒரு இடத்துல தங்காத மனுஷன். இப்பப் பாரு, பிடிச்சு வெச்ச பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கான்."

"போங்க அண்ணி" என்று அவளும் சிரித்தாள். அண்ணி போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒரு பகல் அவனுக்குச் சவரம் செய்துவிட்டாள். குனிந்த தலைக்குச் சவரம் செய்ய வேறு வழியில்லை. நாற்காலியில் அவன் முழங்கை ஊன்றிக் குனிந்திருக்க, அவள் தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து மேலே பார்த்தாள். நுரை அவள் கையில் வழிந்தது. அவனுடைய நல்ல கண், இடது கண், ஒரு சாண் தூரத்திலிருந்து அவளையே பார்த்தது.

"உனக்கு நரைச்சிருக்கு" என்றான்.

"இப்பத்தான் தெரியுதா?"

"போன்ல தெரியலையே."

"போன்ல நான் விளக்கைப் பார்த்து உக்காருவேன்."

"ஏமாத்துக்காரி."

"பேசாதீங்க, பிளேடு பட்டுடும்."

அவன் பேசவில்லை, ஆனால் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. அவளுக்குக் கழுத்து சூடாகியது. இந்த வயதில் என்ன இது என்று தன்னையே கடிந்துகொண்டாள். இன்னும் கொஞ்சம் தாடி வளர்ந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

தாடையின் அடுத்த பக்கத்துக்கு வந்தபோதுதான் கவனித்தாள். தலை நேராகக் கவிழ்ந்திருந்தது.

"சாய்ச்சுல்ல வெக்கச் சொன்னாங்க? இடது கன்னம் கீழே வர்ற மாதிரி?"

"சாய்ச்சா குமிழி ஓரத்துக்கு ஓடுது. நேரா வெச்சாத்தான் நடுவுல நிக்குது."

"டாக்டரம்மா சொன்னது..."

"அவங்க தோராயமாச் சொல்லியிருப்பாங்க. குமிழி எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியாதா? நீ தாடையப் பாரு."

அவள் தாடையைப் பார்த்தாள். குமிழி விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது என்ன இருக்க முடியும்? அவன் போட்ட தரைகளில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று கூட வேலை செய்கிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து, "நடுவுல நிக்குதா?" என்று அவள் கேட்பதும், "கச்சிதமா நிக்குது" என்று அவன் சொல்வதும் அவர்களுக்குள் ஒரு செல்லப் பேச்சாகிவிட்டது.

அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். விளக்கைப் போட்டுவிட்டு, "தலையை எப்படி வெச்சிருந்தீங்க?" என்றார்.

"அசையவே இல்லீங்கம்மா. குமிழி நடுவுலயே நின்னுச்சு, கொஞ்சங்கூட ஓரத்துக்குப் போக விடல."

"யாரு நடுவுல நிறுத்தச் சொன்னது?"

அவன் விழித்தான். தொழிலில் பெயரெடுத்த ஒருவன், தொழிலிலேயே திட்டு வாங்குகிற விழிப்பு.

"கிழிசல் ஓரத்துலங்க. குமிழி ஓரத்துக்குப் போகணும்னுதான் சாய்ச்சு வெக்கச் சொன்னேன். நீங்க ரொம்ப ஒழுங்கா நேரா வெச்சு, கிழியாத இடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கீங்க." டாக்டரம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "என்ன வேலை பார்க்கறீங்க?"

"டைல்ஸ்."

"ம்... இது தரை இல்லீங்க."

ஓரம் மறுபடி தூக்கிக்கொண்டிருந்தது. மீண்டும் லேசர், மீண்டும் காற்று, முதலிலிருந்து எல்லாம். இந்த முறை பல நாள் நின்று மெல்லக் கரையக் கூடிய காற்றாக அடைக்கப்போவதாகவும், குமிழி முழுக்கக் கரைகிறவரை விமானத்தில் ஏறவே கூடாது என்றும் டாக்டரம்மா இருவரையும் பார்த்துச் சொன்னார். உயரத்தில் காற்று விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். "கடுகளவு இருந்தாலும் கூடாது. புரியுதா?"

அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் நடையில், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கவலைதான் முதலில் வந்திருக்க வேண்டும். பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது வேறு. வெயில் தாழ்ந்த பிறகு யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி, நெஞ்சுக்குள் ஒன்று லேசாகித் திறந்துகொண்டது. இன்னும் கொஞ்ச காலம் இங்கேதான் இருப்பார். பிடித்து வைத்த பிள்ளையார்.

சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைத்த உடனே அவளுக்கு உடம்பு கூசியது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி, "பயப்படாதம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று அவளுடைய ஈர முகத்துக்கு ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கண்டிப்பானவள் ஆனாள். செல்லப் பேச்சு கிடையாது. தலையணையைப் பிரித்து, ஒரு பக்கம் மெத்தையை உயர்த்தி, நேராக வைக்கவே முடியாதபடி சரிவாகத் தைத்தாள். அவன் தலை கொஞ்சம் நேராகத் திரும்பினாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவாள். கன்னத்தில் கை கொடுத்துச் சாய்ப்பாள். அவன் நோயாளியாக இருப்பதில் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று யாருக்கோ நிரூபித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சாய்த்த பிறகு கையை எடுக்க ஒரு கணம் அதிகமாகவே ஆயிற்று.

"ஆயுசு முழுக்க நேராக்கினவனைக் கோணலாக்கிட்டாங்களே" என்று அவன் முணுமுணுத்தான்.

"கோணலாவே இருங்க. யாரும் ரசமட்டம் வெச்சுப் பார்க்கப் போறதில்ல."

அந்த நாட்களில்தான் அவன் பேசத் தொடங்கினான். போனில் அவர்கள் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, சாப்பிட்டீங்களா, மகள் பேசினாளா, அங்கே மழையா என்பதுதான். நேருக்கு நேர் வந்தபோதும் அதே பேச்சையே கொஞ்சம் கிட்டத்தில் பேசிவிட்டு அவன் திரும்பிப் போவான். இப்போது முகம் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேச வேண்டியிருந்ததாலோ என்னவோ, சொற்கள் தயக்கமில்லாமல் வந்தன. தையல் எந்திரத்தை ஓட்டினால் அவன் நிறுத்திவிடுவான் என்று அவள் கைத்தையலாகவே செய்தாள்.

"முதல்ல மின்னல் மாதிரி அடிச்சுது. இருட்டுல, ஓரக்கண்ணுல. அப்புறம் கொசு பறக்குற மாதிரி. ஓடு அறுத்த தூசின்னு நெனச்சேன்."

"என்கிட்டயும் தூசின்னுதான் சொன்னீங்க."

"நானே அதைத்தான் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் வரிசை வெச்சுக்கிட்டே போறேன், கோடு வளையுது. நல்லா வளையுது. ரசமட்டத்தை வெச்சாச் சரியா இருக்கு, கண்ணால பார்த்தா வளைஞ்சிருக்கு. ரசமட்டம்தான் கெட்டுப்போச்சுன்னு வேற ஒண்ணு வாங்கினேன்." அவன் சிரித்தான், தோள்கள் குலுங்கின. "கண்ணைச் சந்தேகப்படவே தோணல."

அவளும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. புதிதாக ஒன்றை வாங்கி, அதையும் தரையில் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு குந்தியிருக்கிற ஆளை அவள் பார்த்தாள். கூட யாரும் இல்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தாள். யாருடைய பேன்ட்டையோ மடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

"தனியா ரொம்பப் பயந்துட்டீங்களா?"

அவன் நெற்றியைத் தலையணையில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"ராத்திரி ஒரு கண்ணை மூடிக்கிட்டு உன் போட்டோவப் பார்ப்பேன். அப்புறம் அடுத்த கண்ணை மூடிட்டுப் பார்ப்பேன். ஒரு கண்ணுல கீழ்ப்பாதி இல்ல. வாய் இல்லாம நீ." அவன் மூச்சு தலையணைக்குள் சத்தம் போட்டது. "வாய் இல்லாமலும் ஏதோ பேசற மாதிரியே இருந்துச்சு."

ஊசி விரலில் ஏறியதை அவள் ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் பார்த்தாள். எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு. ஒரு கண்ணைக் கொடுத்துத்தானா இதை வாங்க வேண்டும்? எழுந்துபோய் அந்த மச்சத்தில் உதடு வைத்தால் என்ன என்று தோன்றியது. தலை அசையும். அசையக் கூடாது. இருந்த இடத்திலேயே இருந்தாள்.

ஓரம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன நாளில் அவனுக்கு நிமிர அனுமதி கிடைத்தது. குமிழி மட்டும் மிச்சமிருந்தது. நிமிர்ந்தால் அது பார்வையின் கீழ்ப்பக்கத்தில், பாதி நிரம்பிய டம்ளரில் தண்ணீர் தளும்புவதைப் போல ஆடியது. மேல்பக்கம் மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. "என் பொழப்புல குமிழி மேலதான் நிக்கும். இது தலைகீழா நிக்குது" என்று அவனுக்கு அதில் தீராத ஆச்சரியம்.

முகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் எதிர்பார்த்ததும் அதைத்தானே? ஆனால் நிமிர்ந்த முகம் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. பேச்சு சாப்பிட்டாயாவுக்குத் திரும்பிவிட்டது. வீடு முழுக்க நடந்து, நாணயத்தால் தரையைத் தட்டித் தட்டி எந்த ஓட்டுக்கடியில் பொள்ளலாக, வெற்றிடமாகச் சத்தம் கேட்கிறது என்று பார்த்தான். குளியலறை மூலையில் ஒன்றைப் பெயர்த்து, புதிதாகப் பதித்து, "நாளைக்கு வரைக்கும் இதுல கால் வெச்சுடாதே" என்று அவளுக்கு உத்தரவு போட்டான். அதைப் பதித்துக்கொண்டிருந்த நேரம் அவன் முகத்தில் இருந்த நிம்மதியை அவள் வாசலில் நின்று பார்த்தாள். அப்படி ஒரு முகத்தைப் போனில் அவன் அவளுக்குக் காட்டியதே இல்லை.

வெளிநாட்டிலிருந்து அவனுடைய போர்மேன் போனில் கூப்பிட்ட காலையில் அவள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கவிழ்ந்து கிடந்த நாட்களிலிருந்தே அவன் போனை ஸ்பீக்கரில் போட்டே பேசிப் பழகியிருந்தான்.

"என்னய்யா ரசமட்டம், இன்னும் எவ்வளவு நாள்தான் மட்டம் போடுவே?"

"வந்துடறேன் சார்."

"இதையேதான் சொல்லிட்டிருக்கே. ஓட்டல் லாபித் தரை முடியப்போகுது. நடுவுல அந்தப் பெரிய வட்டம், அதை மட்டும் உனக்காக விட்டு வெச்சிருக்கேன். இனிமே விட முடியாதுப்பா. இந்த வாரத்துக்குள்ள வர்றியா, இல்ல வேற ஆளை உக்கார வெக்கட்டுமா?"

"வேற ஆளு வேணாம் சார். நடுப்புள்ளி நான் குறிச்சது. நான்தான் போடணும்."

"அப்ப டிக்கெட் போடச் சொல்றேன். ஏறிடு."

"ஏறிடறேன் சார்."

அவள் கையை அரிசித் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அவன் குரலில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் உள்ளிருந்தே அறிவாள். தூரத்தில் இருக்கிற ஒன்றின் மேல், தன் கை படாமல் முடிந்துவிடப் போகிற ஒன்றின் மேல் வருகிற ஏக்கம். இத்தனை வருஷமும் அவளுக்கு அவன்மேல் இருந்தது, அவனுக்குத் தரைமேல் இருந்தது. வேறொரு பெண் என்றால் சண்டை போடலாம். தரையோடு என்ன சண்டை போடுவது?

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அறைவாசலில் நின்றாள். அவன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். தூரம் பிடிபடாமல் ஒரு சட்டை பெட்டிக்கு வெளியே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான்.

"குமிழி கரைஞ்சுடுச்சா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"ஒரு கடுகளவு இருக்கும். குனிஞ்சாத்தான் தெரியும்."

"கடுகளவு இருந்தாலும் கூடாதுன்னுதானே சொன்னாங்க."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. பயமுறுத்தி வெச்சாத்தானே நாம கேப்போம்? எனக்குத் தெரியாதா, என் கண்ணுக்குள்ள இருக்கறது?"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு பெட்டியை மூடி, பூட்டைத் தடவித் தேடி அழுத்தினான். அது சேரும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தான். இத்தனை நாட்களில் முதல்முறையாக, சொட்டு மருந்துக்காக இல்லாமல், சவரத்துக்காக இல்லாமல், அவளை நேராகப் பார்த்தான்.

"போயிட்டு வாங்கன்னு சொல்லு."

அவன் கிளம்பும்போதெல்லாம் அவள் சொல்கிற சொல் அது. அதைக் கேட்காமல் அவன் வாசற்படியைத் தாண்டியதில்லை. ஒருமுறை அவள் கோபத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டபோது, கீழே டாக்சிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்க, மூடிய கதவுக்கு வெளியே பெட்டியோடு நின்றான். அவள் உள்ளேயிருந்து அழுதுகொண்டே, "சரி, போயிட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் படியிறங்கினான். ஊசி நூலில் அவளுக்கு எப்படியோ அப்படி அவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு பிடிமானம். டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். பெட்டியை அவனே கட்டிக்கொள்ளலாம். இது ஒன்றுதான் அவளிடம் வந்தே ஆக வேண்டியது.

இத்தனை முறை சொல்லியிருக்கிறேனே, ஒருமுறையாவது மனதோடு சொல்லியிருக்கிறேனா? போ என்றும் இல்லாமல், இரு என்றும் இல்லாமல், நாக்கு பழகிப்போய்ச் சொன்னதுதான். வா என்ற பாதியை மட்டும் நான் சொன்னேன். போ என்ற பாதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு போனார்.

"என்ன, நின்னுக்கிட்டே தூங்கறியா? சொல்லு."

"சொல்ல மாட்டேங்க."

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. அரிசி களையட்டுமா என்று கேட்கிற குரல்தான்.

அவன் கண்ணைச் சிமிட்டினான். குமிழி ஆடியிருக்க வேண்டும். வலது கண்ணை ஒருமுறை இடுக்கித் திறந்தான்.

"கண்ணுக்காகச் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான், யார் கேட்டாலும் மெச்சுவார்கள். டாக்டரம்மா மெச்சுவார், அண்ணி மெச்சுவாள். ஆஸ்பத்திரி நடையில் முகம் கழுவிய தண்ணீரின் குளிர்ச்சி அவளுக்கு ஞாபகம் வந்தது. இவருடைய கண் எது, எனக்கு வேண்டிய இவர் எது என்று பிரித்துப் பார்க்க அன்றிலிருந்து எவ்வளவோ முயன்றுவிட்டாள். பிரியவில்லை. பிரியாவிட்டால் என்ன என்று இப்போது தோன்றியது.

"கண்ணுக்காகவுந்தான்" என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ‘உம்’ அவனுக்குள் போய்ச் சேர நேரம் எடுத்தது. பெட்டியின் கைப்பிடியில் இருந்த அவன் விரல்கள் இறுகின, தளர்ந்தன.

"அந்த வட்டத்தை வேற ஒருத்தன் போட்டுடுவான்டி" என்றான். உத்தரவு எல்லாம் போய், குரல் இறங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவை. வாய் வார்த்தைக்காவது சொல்லேன்."

அவள் உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குப் பழக்கத்தில் குவிந்தது. குவிந்த உதட்டை அவளே மெல்ல விரித்துக்கொண்டாள். தலையை, இல்லை என்று, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக அசைத்தாள்.

"மாட்டேன்."